சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853 – 1924): இனம் என்னும் பெயரும் திறமை என்னும் அளவுகோலும்



பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் வேளையில் உங்கள் பிறப்புச் சான்றிதழை ஒரு தடவை எடுத்துப் பார்த்திருப்பீர்கள். பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் ஆகியவற்றுடன் பெற்றோரின் இனம் என்றொரு கூடும் அதில் இருக்கும். பாசிக்குடாவில் பிறந்தவரும் வாழைச்சேனையில் பிறந்தவரும் ஓட்டமாவடியில் பிறந்தவரும் ஒரே கடற்காற்றைச் சுவாசித்து, ஒரே தமிழைப் பேசி வளர்ந்தாலும் அந்தக் கூட்டில் எழுதப்படும் சொல் ஒன்றல்ல. அச்சொல் எங்கிருந்து வந்தது? ஒருவரின் அறிவையோ ஆற்றலையோ அது சொல்லுமா? இக்கேள்விகளுக்கு விடை காண உதவும் ஒரு வாழ்க்கை வரலாற்றை இப்பாடத்தில் கற்போம்.

1. பிறப்பும் கல்வியும்

பொன்னம்பலம் அருணாசலம் 1853 செப்டெம்பர் 14 ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார். குமாரசுவாமி, இராமநாதன் ஆகியோர் இவரின் தமையன்மார். சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக விளங்கிய சேர் முத்துக்குமாரசுவாமி இவரின் தாய்மாமனார். கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமி இவரின் மைத்துனர்.

இன்று ரோயல் கல்லூரி எனப்படும் கொழும்பு அக்கடமியில் கல்வி கற்ற அருணாசலம், அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்து சென்றார். 1871 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்து, கணிதத்தையும் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களையும் பயின்றார். சட்டமும் கற்றுப் பரிஸ்டரானார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அருணாசலம் செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பத்திற் பிறந்தவர். அக்காலத்தில் மட்டக்களப்பு வாவிக் கரையில் மீன்பிடித்தோ வயல் செய்தோ வாழ்ந்த ஒருவரின் பிள்ளைக்குக் கேம்பிரிட்ஜ் எட்டாத கனவு. இக்குறிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திறமை பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

2. போட்டிப் பரீட்சையும் மூடிய கதவும்

1875 இல் அருணாசலம் இலங்கைச் சிவில் சேவைக்கான திறந்த போட்டிப் பரீட்சையிற் சித்தியடைந்தார். அப்பரீட்சை மூலம் அச்சேவையில் நுழைந்த முதலாவது இலங்கையர் இவரே. நாட்டை நிருவகிக்கும் உயர் உத்தியோகங்கள் ஆங்கிலேயருக்கே உரியவை என்று கருதப்பட்ட காலம் அது. வெள்ளையர் பிறப்பிலேயே ஆளும் ஆற்றல் உடையவர், ஏனையோர் ஆளப்படுவதற்கே ஏற்றவர் என்ற கொள்கை அன்று விஞ்ஞானத்தின் பெயராலும் போதிக்கப்பட்டது. மண்டையோட்டை அளந்து அறிவை மதிப்பிடலாம் என்று நம்பிய அறிஞர்களும் ஐரோப்பாவில் இருந்தனர். அந்நம்பிக்கைக்கு அருணாசலத்தின் சித்தி ஒரு மறுப்பாக அமைந்தது.

ஆயினும் பரீட்சையில் வென்றவருக்கு எல்லாக் கதவுகளும் திறக்கவில்லை. சிவில் சேவையில் இரண்டு பக்கங்கள் இருந்தன. ஒன்று மாகாணங்களை ஆளும் நிருவாகப் பக்கம். மற்றையது நீதிமன்றப் பக்கம். சேவையிற் புகுந்த இலங்கையர் பெரும்பாலும் நீதிமன்றப் பக்கத்திற்கே அனுப்பப்பட்டனர். மாகாணத்தை ஆளும் அரசாங்க அதிபர் பதவி ஐரோப்பியர் கையிலேயே இருந்தது. அருணாசலமும் பல ஊர்களில் நீதவானாகக் கடமையாற்றினார். அவருடைய தீர்ப்புகளின் தரத்தைப் பிரதம நீதியரசர் சேர் ஜோன் பட் பியர் மெச்சினார்.

இந்தியாவிலும் இவ்வாறே நடந்தது. 1863 இல் சத்தியேந்திரநாத் தாகூர் இந்தியச் சிவில் சேவைப் பரீட்சையிற் சித்தியடைந்த முதலாவது இந்தியரானார். பின்னர் 1870களின் பிற்பகுதியில் அப்பரீட்சைக்குரிய உச்ச வயது 21 இலிருந்து 19 ஆகக் குறைக்கப்பட்டது. பரீட்சை நடந்த இடமோ இலண்டன். கடல் கடந்து சென்று, அந்நிய மொழியில், அந்த இளவயதிற் போட்டியிட எத்தனை இந்திய மாணவரால் முடியும்? விதியில் இனம் என்ற சொல்லே இல்லை. ஆயினும் அவ்விதி ஓர் இனத்தாருக்கு வழிவிட்டது. மற்றோர் இனத்தாரை மறித்தது. இத்தகைய பாகுபாட்டை மறைமுகப் பாகுபாடு என்பர்.

3. முப்பது பேரைத் தாண்டிய நியமனம்

1887 இல் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன், அருணாசலத்தைப் பதிவாளர் நாயகமாக நியமித்தார். சேவைமூப்பில் ஏறத்தாழ முப்பது பேர் அருணாசலத்திற்கு முன்னால் இருந்தனர். ஐரோப்பிய உத்தியோகத்தரிடையே எதிர்ப்புக் கிளம்பியது. தேசாதிபதியோ தமது முடிவை மாற்றவில்லை.

இந்நிகழ்ச்சியை ஆழமாகச் சிந்தியுங்கள். எதிர்த்தவர்கள் முன்வைக்கக்கூடிய நியாயம் சேவைமூப்பு. அது வெறுமையான நியாயமன்று. பல ஆண்டுகள் உழைத்தவர் பதவியுயர்வை எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் இலங்கையர் சேவைக்குள் வரவே வழியில்லாதிருந்த நாட்களில் சேவைமூப்பு யாரிடம் சேர்ந்திருக்கும்? நெடுங்காலம் ஒரு சாராருக்கு மட்டும் கதவு திறந்திருந்தால், மூப்பும் அச்சாராரிடமே குவியும். எனவே ஓர் அளவுகோல் நீதியானதா என்று பார்க்கும்போது, அது உருவான வரலாற்றையும் பார்த்தல் வேண்டும்.

அருணாசலம் தமது பணியாலே பதில் கூறினார். ஒழுங்கு குலைந்திருந்த பதிவுத் திணைக்களத்தைச் சீர்செய்தார். காணி உறுதிகளின் பதிவை ஒழுங்குபடுத்தினார். அவர் காலத்தில், 1895 இல், பிறப்பு இறப்புப் பதிவுக்கான கட்டளைச் சட்டமும் ஆக்கப்பட்டது. ஏழைக் கமக்காரனின் காணியைப் பொய்யுறுதி காட்டிப் பிறர் கவர்ந்துகொள்ளாது தடுப்பதற்கு ஒழுங்கான பதிவு எவ்வளவு அவசியம் என்பதைக் கிழக்கு மாகாண மாணவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

4. 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு

1901 இல் நடந்த குடிசன மதிப்பிற்கு அருணாசலமே பொறுப்பாக இருந்தார். அவ்வாண்டில் இலங்கையின் சனத்தொகை ஏறத்தாழ 35 இலட்சத்து 66 ஆயிரம். அவர் எழுதிய அறிக்கை எண்களின் தொகுப்பாக மட்டும் அமையாது, நாட்டின் வரலாறு, சமயம், மக்கள் வாழ்க்கை ஆகியவற்றையும் விளக்கும் நூலாக அமைந்தது.

குடிசன மதிப்பில் மக்கள் இனவாரியாகப் பிரித்து எண்ணப்பட்டனர். அப்பிரிவுகள் மாறாதவையா? கீழ்வரும் விபரங்களைப் பாருங்கள்.

அ) 1871 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு 24 இனங்களைக் குறிப்பிட்டது.
ஆ) பத்து ஆண்டுகளின் பின் 1881 இல் அவை 7 ஆகச் சுருக்கப்பட்டன.
இ) 1911 இல் தமிழர் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு பிரிவாக எண்ணப்பட்டனர்.

பத்து ஆண்டுகளில் பதினேழு இனத்தவர் இத்தீவிலிருந்து மறைந்துவிடவில்லை. மாறியது மக்களல்லர், எண்ணுகின்ற முறையே மாறியது. தேயிலைத் தோட்டத்திற் கொழுந்து பறித்த ஒரு தாய் 1901 இல் தமிழர் என்ற கூட்டிலும் 1911 இல் இந்தியத் தமிழர் என்ற கூட்டிலும் எழுதப்பட்டார். அவர் அதே தாய்தான். ஆனால் பிற்காலத்தில், 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ், அத்தாயின் பேரப்பிள்ளைகள் போன்ற இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். ஒரு பெயர் வெறும் பெயராக நின்றுவிடுவதில்லை. சட்டமும் அதிகாரமும் அதனுடன் சேரும்போது அது மனிதரின் வாழ்வைத் தீர்மானிக்கிறது.

நமது பிரதேசத்தையே எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு நகரிலுள்ள பறங்கியர் போர்த்துக்கேயக் கலப்புமொழியோடு தமிழையும் பேசுவர். பாசிக்குடாவுக்கு வடக்கே வாகரை, பனிச்சங்கேணிப் பக்கங்களில் வாழும் கரையோர வேடர் தமிழையே பேசுகின்றனர். முஸ்லிம் மக்களின் வீட்டுமொழியும் தமிழே. ஆகவே மொழியை வைத்து இனத்தைப் பிரிப்பதானால் ஒரு கணக்கு. சமயத்தை வைத்தால் வேறொரு கணக்கு. மூதாதையரை வைத்தால் இன்னொரு கணக்கு. தம்மை எப்பெயரால் அழைக்க வேண்டும் என்பதை அந்தந்த மக்களே கூறுதல் நீதியாகும். அருணாசலத்தின் தமையனார் இராமநாதன் 1880களில், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். சோனகத் தலைவர்கள் அதனை ஏற்கவில்லை, ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் மறுப்பு நூல் எழுதினார். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைத்தது 1889 இல் என்பதையும் சேர்த்து எண்ணினால், அது வெறும் வரலாற்று விவாதம் அன்று என்பது புலப்படும்.

5. இனவாரிப் பிரதிநிதித்துவம்

கோல்புறூக் சீர்திருத்தத்தின்படி 1833 இல் சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டது. உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் இன அடிப்படையில் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டனர். ஐரோப்பியருக்கு மூன்று ஆசனங்கள், சிங்களவருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று, பறங்கியருக்கு ஒன்று. மிகச் சிறிய தொகையினரான ஐரோப்பியருக்கே கூடிய இடம் என்பதைக் கவனிக்க. 1889 இல் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒவ்வோர் ஆசனம் சேர்க்கப்பட்டது.

1910 ஆம் ஆண்டின் சீர்திருத்தம் படித்த இலங்கையருக்கெனத் தேர்தல் மூலம் நிரப்பப்படும் ஓர் ஆசனத்தை வழங்கியது. 1911 இன் இறுதியில் நடந்த அத்தேர்தலில் இராமநாதன், சிங்களவரான மாக்கஸ் பெர்னாண்டோவை வென்றார். சிங்கள வாக்காளரில் ஒரு பகுதியினர் தம் இனத்தவரை விடுத்துத் தமிழருக்கு வாக்களித்தமைக்குச் சாதிப் போட்டியும் காரணம் என வரலாற்றாசிரியர் கூறுவர். இன வேலியைத் தாண்டிய வாக்கு, சாதி வேலியைத் தாண்டவில்லை.

அருணாசலம் 1906 இல் சட்டநிரூபண சபையிலும் 1912 இல் நிருவாக சபையிலும் இடம் பெற்றார். 1913 இல் ஓய்வு பெற்றார். அரச சேவையின் கட்டுப்பாடு நீங்கியதும் வெளிப்படையாக அரசியலில் இறங்கினார். இன அடிப்படையில் ஆசனம் வழங்குவதை நீக்கி, பிரதேச அடிப்படையில் மக்களே பிரதிநிதிகளைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது இவரின் கோரிக்கை. 1917 இல் இலங்கைச் சீர்திருத்தக் கழகம் இவர் தலைமையில் உருவானது.

6. தேசிய காங்கிரசும் தொழிலாளரும்

1919 டிசெம்பர் 11 ஆம் திகதி இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியது. அதன் முதலாவது தலைவராக அருணாசலம் தெரிவு செய்யப்பட்டார். சிங்களவர் பெரும்பான்மையாக உள்ள நாட்டின் முதற் பெருந்தேசிய அமைப்புக்குத் தமிழர் ஒருவர் தலைவரானார் என்பது வரலாற்றுச் சிறப்புடையது.

அருணாசலத்தின் அக்கறை படித்தவரோடு நின்றுவிடவில்லை. 1915 இல் சமூக சேவைக் கழகத்தை ஆரம்பித்தார். 1919 இல் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தை நிறுவினார். தோட்டத் தொழிலாளர் வேலையை விட்டு நீங்கினால் சிறைத்தண்டனை வழங்கும் சட்டத்தை எதிர்த்தார். கடனைக் காட்டித் தொழிலாளரைக் கட்டிப்போட்ட துண்டு முறையையும் கண்டித்தார். துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது.

7. பல்கலைக்கழகக் கோரிக்கை

உயர்கல்வி பெற இலங்கையர் கடல் கடக்க வேண்டியிருந்த நிலையை மாற்ற அருணாசலம் விரும்பினார். 1906 இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தோன்ற முன்னின்றார். சிங்களமும் தமிழும் கல்வியில் உரிய இடம் பெற வேண்டும் என்றும் வலியுறுத்தினார். 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரி கொழும்பில் திறக்கப்பட்டது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. பேராதனையில் ஒரு மாணவர் விடுதி அருணாசலம் பெயரைத் தாங்கி நிற்கிறது. நமக்கு அண்மையிலுள்ள வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரி அமைந்து, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததும் அந்த நீண்ட பாதையின் ஒரு கட்டமே.

கேம்பிரிட்ஜ் செல்ல வசதி பெற்ற ஒருவர், அவ்வசதி இல்லாதவருக்காக இங்கேயே பல்கலைக்கழகம் கேட்டார் என்பதே இதன் சிறப்பு. ஓட்டப் பந்தயத்தில் யார் முந்துகிறார் என்று பார்ப்பதற்கு முன், எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடுகிறார்களா என்று பார்க்க வேண்டுமல்லவா?

8. முறிவு

மாணவர்களே, இவ்வரலாற்றின் துயரமான பகுதி இதுவாகும். காங்கிரஸ் உருவாக முன்னர், மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் கிடைப்பதற்கு ஆதரவு தருவதாகச் சிங்களத் தலைவர்களான ஜேம்ஸ் பீரிஸ், ஈ. ஜே. சமரவிக்கிரம ஆகியோர் எழுத்து மூலம் உறுதியளித்திருந்தனர். அவ்வுறுதியை நம்பியே அருணாசலம் யாழ்ப்பாணத் தலைவர்களைக் காங்கிரசில் இணையச் செய்தார். 1920 ஆம் ஆண்டின் மனிங் சீர்திருத்தத்தின் பின் அவ்வுறுதி நிறைவேற்றப்படவில்லை. கொழும்பு ஆசனத்திற்கு 1921 இல் ஜேம்ஸ் பீரிசே சென்றார். மனமுடைந்த அருணாசலம் அவ்வாண்டிலேயே காங்கிரசை விட்டு நீங்கினார். 1923 இல் இலங்கைத் தமிழ் லீக் என்ற அமைப்பை உருவாக்கினார்.

இன அடிப்படையை நீக்கக் கோரியவர் ஏன் இனத்திற்கு ஓர் ஆசனம் கேட்டார் என்று சிலர் வினவுவர். இது நல்ல வினா. பிரதேசத் தேர்தலில் சிறு தொகையினர் தோற்றுக்கொண்டே போவர் என்ற அச்சம் நீங்கும்வரை ஒரு பாதுகாப்பு வேண்டும் என்பது ஒரு சாராரின் கருத்து. அத்தகைய விலக்கே பிரிவினையை நிலைநிறுத்தும் என்பது மறுசாராரின் கருத்து. இரண்டையும் நீங்கள் எடைபோட வேண்டும். ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பது வேறு விடயம். நம்பிக்கை ஒரு முறை உடைந்தால், அடுத்த தலைமுறையும் அதன் விலையைச் செலுத்த நேரிடும் என்பதை நம் நாட்டின் வரலாறு காட்டியுள்ளது.

1924 ஜனவரி 9 ஆம் திகதி, தலயாத்திரை சென்றிருந்தபோது மதுரையில் அருணாசலம் காலமானார். 1931 இல் டொனமூர் யாப்பு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கிச் சர்வசன வாக்குரிமையை வழங்கியபோது அவர் உயிருடன் இல்லை.

9. இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவன

(i) இனம் என்பது உயிரியல் அளவுகோலன்று. மரபியல் அறிஞர் ரிச்சர்ட் லெவொன்டின் 1972 இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனிதரிடையே காணப்படும் மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 வீதம் ஒரே குழுவினுள்ளேயே உள்ளது. யுனெஸ்கோ நிறுவனமும் 1950 இல், இன உயர்வு தாழ்வுக் கொள்கைக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என அறிவித்தது. ஆரியம், திராவிடம் என்பனவும் முதலில் மொழிக் குடும்பங்களுக்கு வைத்த பெயர்களே. பின்னரே அவை மனிதரின் பெயர்களாக்கப்பட்டன.

(ii) உயிரியலில் இல்லாவிடினும் சமூகத்தில் இனம் உண்டு. சட்டம், ஆசனம், தொழில், கல்வி ஆகியன அப்பெயரின்படி பங்கிடப்படும்போது அது உண்மையான விளைவுகளைத் தருகிறது. எனவே இனமே இல்லை என்று கூறி அநீதியை மறைத்தலும் தவறு. இனமே எல்லாம் என்று கூறிப் பகை வளர்த்தலும் தவறு.

(iii) திறமையை அளப்பது எளிதன்று. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிமூல அடிப்படையில் தரப்படுத்தல் கொண்டுவரப்பட்டபோது, தமிழ்மொழி மூல மாணவர் கூடுதலான புள்ளி பெற வேண்டியதாயிற்று. விடைத்தாளைப் பாராது மொழியைப் பார்த்த அநீதி அது. 1974 இல் வந்த மாவட்ட அடிப்படை முறையோ மட்டக்களப்பு போன்ற வசதி குறைந்த மாவட்டங்களின் மாணவருக்குக் கதவைத் திறந்தது. ஒருவர் எந்த இனத்தவர் என்று பார்ப்பதற்கும், அவர் கற்ற பாடசாலையில் ஆய்வுகூடம் இருந்ததா என்று பார்ப்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு.

பரீட்சை மண்டபத்தில் உங்கள் பக்கத்து மேசையில் அமர்பவர் எந்த ஊரவராயினும், எந்தப் பெயரினராயினும், உங்களைப் போலவே இரவு விழித்துப் படித்தவர். அவரின் உழைப்பையும் உங்களின் உழைப்பையும் ஒரே தராசில் நிறுக்கும் நாட்டையே அருணாசலம் நாடினார். அதனை ஆக்கும் பொறுப்பு உங்கள் தலைமுறையிடம் உள்ளது.

நினைவிற் கொள்க

1853 – பிறப்பு
1875 – சிவில் சேவைப் பரீட்சையிற் சித்தி
1887 – பதிவாளர் நாயகம்
1901 – குடிசன மதிப்பு
1906 – பல்கலைக்கழகச் சங்கம்
1919 – தேசிய காங்கிரசின் முதலாவது தலைவர்
1921 – காங்கிரசிலிருந்து விலகல்
1924 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. 1887 ஆம் ஆண்டு நியமனம் எதிர்ப்பைச் சந்தித்தமைக்குரிய காரணங்கள் இரண்டு தருக.
2. இனவாரிப் பிரதிநிதித்துவம், பிரதேசவாரிப் பிரதிநிதித்துவம் ஆகியவற்றை ஒப்பிடுக.
3. குடிசன மதிப்பின் இனப் பிரிவுகள் காலத்துக்குக் காலம் மாறியமையை உதாரணங்களுடன் விளக்குக.
4. சேவைமூப்பு எப்போதும் நீதியான அளவுகோலாகுமா? உமது கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.
5. அருணாசலம் காங்கிரசை விட்டு விலகியது சரியா? இரு பக்க நியாயங்களையும் ஆராய்ந்து விடை தருக.

பரீட்சைக் குறிப்பு: 4 ஆம், 5 ஆம் வினாக்களுக்கு ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் முழுப்புள்ளி கிடைக்காது. எதிர்த்தரப்பின் வலுவான நியாயத்தை முதலில் எழுதி, அதன் பின்னர் உங்கள் முடிவை நிறுவுங்கள்.